சட்டை தாங்கும், நெஞ்சு தாங்குமா?

இந்தப் பகுதிக்கு வழக்கமாக உரம், மின்கட்டணம், ஸ்டார்ட் ஆகாத பழைய மோட்டார்சைக்கிள் என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கட்டில் பாதிக்குமேல் குண்டு துளைக்காத சட்டையைப் பற்றி. காரணம் எனக்குத் தெரியும். நம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நகைக்கடை வாசலில் நிற்கிற ஜாகாக்கள் சிலருக்குப் போன மாதம் அந்தச் சட்டை வந்து இறங்கியது, அன்றிலிருந்து மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகிற வரைக்கும் இதே பேச்சுதான். நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்துவிட்டுப் பிறகு ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஸ்டோரில் 11 வருடம் சாமான் கணக்குப் பார்த்தவன் என்பதால் ஆசிரியர் எல்லாக் கடிதத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். சரி, பார்ப்போம்.

*

கேள்வி: ஐயா, எனக்குக் கொடுத்த சட்டையின் உள்பக்கச் சீட்டில் ‘த்ரீ-ஏ’ என்று போட்டிருக்கிறது. “.44 மேக்னம் சுட்டாலே தாங்கும், நீ ஏன் பயப்படுகிறாய்” என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா? இதையெல்லாம் யார், எப்படிச் சுட்டுப் பார்க்கிறார்கள்?
- நகைக்கடைக் காவலர்

பதில்: சூப்பர்வைசர் சொன்னது பாதி உண்மை தம்பி. மீதிப் பாதியை அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இந்த ‘த்ரீ-ஏ’ என்பது அமெரிக்க நீதித்துறையின் கீழ் இருக்கும் என்.ஐ.ஜே. என்ற அமைப்பு வைத்த தரம். 1972லேயே முதல் தரத்தை எழுதிவிட்டார்கள். இப்போது கடையில் கிடைக்கிற சட்டைகளில் பெரும்பாலானவை 2008இல் வந்த பதிப்பின்படி சோதிக்கப்பட்டவை. 2023இல் புதுப் பதிப்பு வந்து பெயரையும் மாற்றிவிட்டார்கள், ‘டூ’ என்பது ஹெச்.ஜி.1, ‘த்ரீ-ஏ’ என்பது ஹெச்.ஜி.2. அதனால் புதுச் சீட்டில் வேறு எழுத்து இருந்தால் போலி என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

2008 பதிப்பில் ‘த்ரீ-ஏ’ சட்டையை இரண்டு வகைக் குண்டுகளால் சுடுகிறார்கள். ஒன்று .357 சிக், 8.1 கிராம், நொடிக்கு 448 மீட்டர். இன்னொன்று உங்கள் சூப்பர்வைசர் சொன்ன .44 மேக்னம், 15.6 கிராம், நொடிக்கு 436 மீட்டர். 15.6 கிராம் என்றால் மூன்று 50 காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 436 மீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர், இங்கிருந்து ஈப்போவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எதற்கு இரண்டு வகை என்றால், முதலாவது சிறியது, வேகமானது, செம்பு உறை முழுக்க மூடியது, ஊடுருவிப் போகப் பார்க்கும். இரண்டாவது பெரியது, மூக்கு மென்மையான ஈயம், சட்டையில் பட்டதும் காளான் மாதிரி விரிந்துவிடும், அதனால் துளைப்பது அதற்குக் கஷ்டம், ஆனால் இடி பலமாக விழும். ஒன்று ஊசி, ஒன்று சம்மட்டி. இரண்டுக்கும் தாங்கினால்தான் சீட்டு.

சட்டையை எதன்மேல் போட்டுச் சுடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆளுக்குப் பதில் ஒரு பெட்டி நிறையக் களிமண். ரோமா பிளாஸ்டிலினா என்று சிலை செய்கிறவர்கள் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண் அது. அந்தக் களிமண் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க 1,043 கிராம் எடையுள்ள எஃகு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், சராசரியாக 19 மில்லிமீட்டர் பள்ளம் விழவேண்டும், இரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். இறுகிப்போயிருந்தால் சூடாக்கிப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். சப்பாத்தி மாவை விரலால் அழுத்திப் பார்ப்பது மாதிரிதான், இவர்கள் ஸ்கேல் வைத்து அழுத்துகிறார்கள்.

பிறகு 5 மீட்டர் தூரத்திலிருந்து சுடுகிறார்கள். கையில் பிடித்து அல்ல, அசையாமல் பூட்டிய குழாயிலிருந்து. வழியில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. ஒரு பலகத்துக்கு, அதாவது உறைக்குள் செருகுகிற துணி அடுக்குக் கட்டுக்கு, ஆறு குண்டு. சில விளிம்போரமாக, சில ஒன்றுக்கொன்று நெருக்கமாக, இரண்டு மட்டும் சாய்வாக, 30 பாகையிலும் 45 பாகையிலும். சுடுவதற்கு முன்னால் சட்டையை அரை மணி நேரம் தண்ணீரில் முக்கியும் எடுப்பார்கள். இன்னும் சில சட்டைகளை 65 டிகிரி சூடும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் 10 நாள் உருட்டுவார்கள், 72,000 சுற்று, துணி துவைக்கும் மிஷினில் போட்டு மறந்துவிட்ட மாதிரி. அப்படிப் பழசாக்கியதை .44 மேக்னத்தால் சுடும்போது வேகத்தை 408 மீட்டராகக் குறைத்துவிடுகிறார்கள். அதாவது உழைத்துப்போன சட்டை புதுசு அளவுக்குத் தாங்காது என்பதைத் தரமே ஒப்புக்கொள்கிறது, அதைத்தான் யாரும் ஜாகாக்களுக்குச் சொல்வதில்லை.

எந்தக் குண்டும் ஊடுருவக்கூடாது என்பது முதல் நிபந்தனை. இரண்டாவது, ஊடுருவாத குண்டு சட்டையைப் பின்பக்கமாகத் தள்ளி களிமண்ணில் போடுகிற பள்ளம். அதற்கு எல்லை 44 மில்லிமீட்டர். நல்ல பருத்த செம்பனைப் பழம் ஒன்றை முழுசாக உள்ளே அழுத்திப் பாருங்கள், அவ்வளவு ஆழம். அந்தப் பள்ளம் விழுந்தும் சட்டை ‘பாஸ்’. இப்போது களிமண் இருந்த இடத்தில் உங்கள் நெஞ்செலும்பை வைத்து யோசியுங்கள். 1970களில் அமெரிக்க ராணுவத்தார் ஆடுகளுக்குக் கெவ்லார் என்ற, இந்தச் சட்டைகளுக்குள் இருக்கிற பலமான இழைத் துணியைப் போர்த்திச் சுட்டு, பிறகு அதே அடியைக் களிமண்ணில் அளந்து, இந்த 44ஐக் கொண்டுவந்தார்கள். உயிர் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம் என்பதற்கான அளவு அது. விலா எலும்பு முறியாது, நீலம் பாயாது என்று யாரும் எங்கேயும் எழுதிக்கொடுக்கவில்லை. அதனால் சட்டை தடுத்துவிட்டது என்றாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், வீட்டுக்குப் போய் தைலம் தேய்க்கிற வேலை இல்லை. அடி வாங்கிய சட்டையும் அதோடு முடிந்தது, மறுபடி போடக்கூடாது.

எப்படித் தடுக்கிறது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டோரில் தேதி முடிந்த சட்டை ஒன்றைக் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்து சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். வெளியுறை நைலான், அதற்குள் காற்றுப் புகாத மாதிரி ஒட்டிய பை, அதற்குள் மஞ்சள் நிறத்தில் துணி, அடுக்கு அடுக்காக. நானும் பேரனும் எண்ணினோம், 31 வந்தது. ஒவ்வொன்றும் வேட்டியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மீன் வெட்டுகிற கத்திரிக்கோலால் ஓர் அடுக்கை வெட்டப் பார்த்தேன். துணி மடங்கி கத்திரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர ஒரு நூல் அறவில்லை. வீட்டுக்காரி கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த நூலில் ஒரு மூலையில் இழுத்தால் அந்த இழுப்பு நொடிக்கு ஏறத்தாழ 7,000 மீட்டர் வேகத்தில் ஓடும். குண்டு ஓரிடத்தில் குத்தினாலும் அடுத்த கணமே சுற்றியிருக்கும் நூல்களெல்லாம் சேர்ந்து பிடிக்கின்றன, மேலடுக்குகள் சில அறுந்துபோகும், கீழடுக்குகள் விரிந்து சப்பையான ஈயத்தை வலையில் விழுந்த பந்து மாதிரி ஏந்திக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதெல்லாம் கைத்துப்பாக்கிக்கு. எம்-16 மாதிரி ரைபிளின் குண்டு 3.6 கிராம்தான், ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர். சக்தியைக் கணக்குப் போட்டால் 1,700 ஜூலுக்குக் கொஞ்சம் மேல், .44 மேக்னத்துக்கு 1,480. பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். ஆனாலும் அந்த மெல்லிசுக் குண்டு இந்தத் துணிச் சட்டையில் அப்பளத்தில் விரல் விட்ட மாதிரி போய்விடும். வேகமும் கூரும் சேர்ந்தால் நூல்களுக்குப் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. அதற்குத் தகடு வைத்த சட்டை வேண்டும், அது வேறு தரம், வேறு எடை, வேறு விலை.

*

கேள்வி: படத்தில் குண்டு பட்டால் ஆள் பத்தடி தள்ளிப் போய் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறானே, சட்டை போட்டிருந்தால் அந்த வேகத்தில் கீழே விழுந்தே மண்டை உடையாதா?
- ஐந்தாம் படிவ மாணவன்

பதில்: தம்பி, இதை இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டிருக்கலாம், பரவாயில்லை. 15.6 கிராம் குண்டு 436 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 6.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. சட்டையோடு சேர்த்து 80 கிலோ உள்ள ஆள் அதை முழுசாக வாங்கிக்கொண்டால் நொடிக்கு ஒன்பது சென்டிமீட்டர் வேகத்தில்கூட நகரமாட்டார். 2 கிலோ டுரியான் 10 மீட்டர் மரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் உந்தம் 28, குண்டைவிட நாலு மடங்கு. சக்தியில் மட்டும் குண்டு எங்கேயோ இருக்கிறது, டுரியானுக்கு 200 ஜூல்கூட வராது. ஆளைத் தள்ளுவது உந்தம், ஆளுக்குள் நாசம் பண்ணுவது சக்தி. இன்னொன்றையும் யோசி, குண்டு பட்டவன் பறந்தால் சுட்டவனும் அதே அளவுக்குப் பின்னால் பறக்கவேண்டுமே? அவன் மட்டும் ஸ்டைலாக நின்று புகையை ஊதிக்கொண்டிருக்கிறான்.

டுரியான் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதவேண்டாம்.

*

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போடும் சட்டையை மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஈரமாகவே வருகிறது, நாற்றம் தாங்கவில்லை. குளோரக்ஸ் வெளுப்பானில் ஊறவைத்து வெயிலில் காயப்போடலாமா?
- காவலாளியின் மனைவி

பதில்: நிறுத்துங்கள் தங்கச்சி, முதலில் அந்த பாட்டிலை மூடி வையுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கதைதான். இருபது ஆட்களுக்கு ஏழு சட்டை. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் கழற்றிக் கொடுக்கும்போதே பிழிந்தால் வியர்வை சொட்டும், அதை அப்படியே அடுத்தவன் மாட்டிக்கொண்டு போவான். ஒரு சட்டையில் சீட்டே இல்லை, அழிந்துபோயிருந்தது. மேலிடத்தில் சொன்னேன், “யார் சுடப்போகிறான்” என்றார்கள். சுடப்போவதில்லை என்றால் எதற்குச் சட்டை என்று கேட்கத் தோன்றியது, ஆனால் வாங்கியது மாதச் சம்பளம், வாயை மூடிக்கொண்டேன்.

கெவ்லார் நூல் நனைந்தால் கொஞ்சம் பலம் குறையும், நூலுக்கும் நூலுக்கும் இடையில் தண்ணீர் எண்ணெய் மாதிரி வழுக்கிவிடுகிறது. காய்ந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். அதனால்தான் நான் சொன்ன அந்த ஒட்டிய பை. அந்தப் பை கிழிந்திருக்கிறதா என்று விளிம்பெல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் வேறு ரகம்: அதில் போன பலம் திரும்ப வராது, குளோரக்ஸும் அப்படித்தான். வெளியுறையிலிருந்து பலகங்களை உருவிவிட்டு உறையை மட்டும் துவையுங்கள். பலகத்தை மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில், மேசைமேல் தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். கொடியில் மாட்டினால் பலகம் தொங்கி மடிப்பு விழும். இஸ்திரி வேண்டாம். காரின் பின்பெட்டியில் போட்டுவைப்பதும் வேண்டாம், சில சட்டைகள் பாலிஎத்திலின் இழையில் செய்தவை, அதற்கு ஈரம் பொருட்டில்லை, ஆனால் சூடு ஆகாது.

இது ஏதோ கிழவன் பயமுறுத்துகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கெவ்லாருக்குப் பிறகு ஜப்பானில் சைலான் என்ற இழை வந்தது, கெவ்லாரைவிடப் பலமானது, சட்டையும் லேசு, போலீஸ்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரர் போட்டிருந்த சைலான் சட்டையை, அது தடுக்கவேண்டிய குண்டே துளைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு என்.ஐ.ஜே. பயன்படுத்திய சைலான் சட்டைகளை வாங்கிச் சுட்டுப் பார்த்தது, பாதிக்கு மேல் துளைபட்டன. ஈரமும் வெளிச்சமும் அந்த இழையை உள்ளுக்குள் அரித்திருந்தன, வெளியே பார்த்தால் புதுசு மாதிரி. 2005 ஆகஸ்டில் அந்த இழைச் சட்டைகளின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, துளைபட்ட அந்தச் சட்டையைச் செய்த கம்பெனியை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் டேவிஸ் என்பவர். பீட்சா கடை வைத்திருந்து, பிறகு துணிச் சட்டை வியாபாரத்துக்கு வந்து, ஜனங்கள் நம்பவேண்டும் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு தன்னைத்தானே 190 தடவைக்கு மேல் சுட்டுக் காட்டியவர். அவர் சுட்டுக் காட்டியதெல்லாம் வியர்வையில் ஊறாத சட்டை.

வீட்டுக்காரரின் சட்டைச் சீட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குத்தான் உத்தரவாதம் கொடுக்கின்றன. சீட்டு இல்லாவிட்டால் அதைச் சட்டை என்றே எண்ணவேண்டாம்.

*

கேள்வி: அவசரகாலத்தில் நம் ஊர்த் துரைமார்கள் இந்த மாதிரிச் சட்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா?
- ஓய்வுபெற்ற கிராணி

பதில்: பெரியவருக்கு வணக்கம். 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்த கதையைக் கேட்கிறீர்கள். அன்றைக்கு இப்படி ஒரு சட்டையே உலகத்தில் இல்லை. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானக்காரர்கள் எஃகுத் தகடு தைத்த சட்டை போட்டார்கள், கொரியப் போரில் நைலான் சட்டை வந்தது, இரண்டும் சிதறல் துண்டுகளுக்காக. கிட்டத்தில் சுட்டால் தாங்காது. கெவ்லாருக்கு வழிவிட்ட இழையை டூபான்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் கண்டுபிடித்ததே 1965இல்தான். அவசரகாலத்தில் நம் துரைமார்கள் காடிக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டுதான் தோட்டம் சுற்றினார்கள். அந்தத் தகடு அடித்தவர்கள் நம் ஒர்க்‌ஷாப் ஆட்கள் என்று என் முன்னோடி ஃபிட்டர் ஒருவர் சொல்வார்.

*

கேள்வி: இதே சட்டை பாராங் வெட்டையும் தாங்கும்தானே?
- சாப்பாட்டுக்கடைக்காரர்

பதில்: வீச்சைக் கொஞ்சம் தாங்கலாம், குத்தைத் தாங்காது. கத்தி முனை நூலை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கத்திக்கென்று தனிச் சட்டை, தனிச் சோதனை உண்டு, 2000இலிருந்து அதற்குத் தனித் தரமும் இருக்கிறது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் துப்பாக்கியைவிட பாராங்கைத்தான் அதிகம் பார்க்கிறோம், அதனால் நகைக்கடை முதலாளிகளும் இந்தப் பதிலைப் படித்தால் நல்லது.

*

கேள்வி: ஆன்லைனில் 280 வெள்ளிக்கு ‘த்ரீ-ஏ’ சட்டை ஒன்று பார்த்தேன். வாங்கி மணல் மூட்டைக்குப் போட்டு, மாமா காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கியால் செம்பனைக் காட்டுக்குள் ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா? வீடியோ எடுத்தால் நன்றாக இருக்கும்.
- லோரி ஓட்டும் இளைஞர்

பதில்: முதலில் சட்டையை வரவழைப்பதற்கு முன்னால் போலீஸ் நிலையத்தில் கேளுங்கள், இதை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்யமுடியாது. இரண்டாவது, பன்றிக்கென்று கொடுத்த துப்பாக்கியை உங்கள் வீடியோவுக்காகக் கையில் எடுத்தால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மாமாவையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்கும்.

அதெல்லாம் இல்லை என்றாலும் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது? மாமாவிடம் இருப்பது ஷாட்கன், 2008 தரத்தின் ‘த்ரீ-ஏ’ சோதனையில் ஷாட்கன்னே கிடையாது. மணல் மூட்டை பதம் பார்த்த களிமண் இல்லை, பள்ளத்தை அளக்கமுடியாது. ஒரு குண்டு நின்றுவிட்டது என்பதால் அடுத்த ஐந்தும் நிற்கும் என்று இல்லை. சோதனைச்சாலைக்காரர்கள் இன்னொரு கணக்கும் எடுக்கிறார்கள்: குண்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, எந்த வேகத்தில் பாதிக் குண்டு நிற்கிறது, பாதி துளைக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எல்லை, தரத்தில் சொன்ன வேகத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு நிம்மதி. அதைக் கண்டுபிடிக்கச் சட்டை சட்டையாகச் சுட்டுத் தீர்க்கவேண்டும், உங்களிடம் இருப்பது ஒன்று, அதையும் சுட்டபிறகு போடமுடியாது.

அந்த விளம்பரத்தில் உள்சீட்டின் படம் இருந்தால் மட்டும் எனக்கு அனுப்புங்கள். செய்தவர் பெயர், மாடல், வரிசை எண், தேதி, எந்தத் தரம், எந்தப் பக்கம் உடம்பை ஒட்டவேண்டும், இத்தனையும் அதில் இருக்கவேண்டும். மாடல் பெயரை என்.ஐ.ஜே. வெளியிடும் பட்டியலில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன், காசும் ஆகாது, சத்தமும் வராது. துப்பாக்கியை மாமா பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.